மலைநாட்டின் நடைபாலங்கள்

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளும் இலங்கையின் நடுமலைத் தொகுதியிலே தோன்றுவன. நுவரெலியாவைச் சூழ்ந்த சரிவுகளிலே நிலம் நீரால் துண்டாடப்பட்டுக் கிடக்கிறது. ஒரு சரிவில் தொழிலாளர் குடியிருக்கும் லயம். எதிர்ச் சரிவிலே கொழுந்து பறிக்கும் மலை. அதற்கும் அப்பால் பள்ளிக்கூடமோ மருந்தகமோ அமைந்திருக்கும். கண்ணுக்கு அண்மையாய்த் தோன்றும் இடம் காலுக்குச் சேய்மையாகிவிடுகிறது. இடையிலே ஓர் ஓடை இருப்பதே காரணம். கோடையில் கல்லின்மேற் கால் வைத்துத் தாண்டக்கூடிய அவ்வோடை, தென்மேற்குப் பருவமழை வலுத்த நாளில் சிறுபொழுதுக்குள் ஆளை உருட்டும் ஆறாகிவிடும்.

ஆதலால் இம்மலைநாட்டின் வரலாற்றை அதன் பாலங்களைக் கொண்டும் எழுதலாம். ஆயினும் எழுதியோர் பெரும்பாலும் வண்டிப் பாலங்களையும் புகைவண்டிப் பாலங்களையுமே கண்டனர். நடப்போர்க்கென அமைந்த பாலம் யாருடைய பொறுப்பு என்னும் வினாவுக்கு, முந்நூறு ஆண்டுகளாக விடை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நெடுங்காலம் விடையே இருந்ததில்லை என்றாலும் பிழையாகாது.

பாலம் இல்லாமையையே காவலாகக் கொண்ட காலம் ஒன்று இருந்தது. 1660ஆம் ஆண்டு கண்டி அரசிற் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே இதனை விளக்கியுள்ளார். ஆறுகளின் வெள்ளம் பாலங்களை நிலைக்க விடாது என்பது அவர் கூறும் ஒரு காரணம். மற்றொன்று, தன் நாடு எளிதிற் கடந்துசெல்லத்தக்கதாய் இருப்பதை அரசன் விரும்பவில்லை என்பது. இரண்டாம் இராசசிங்கன் காலம் அது. கடலோரம் ஒல்லாந்தர் வசம் இருந்தது. மலைக் கணவாய்களிலே முள்வாயில்கள் இட்டுக் காவல் வைத்த அரசுக்கு, ஆறு ஓர் அகழியாகப் பயன்பட்டது. அகழிக்குப் பாலம் இடுவோர் யார்?

எனினும் மக்கள் நடக்காமல் இருந்ததில்லை. உப்பும் கருவாடும் துணியும் கரையிலிருந்து மேலேறின; பாக்கு கீழிறங்கிற்று. பொதிமாடுகளின் வரிசைக்குத் தவளம் என்று பெயர். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வழியில் உள்ள தவலந்தென்ன என்னும் ஊர்ப்பெயரிலே அத்தவளம் இன்றும் வாழ்கிறது. பொதிமாடுகள் தங்கிய சமநிலம் என்பது அதன் பொருள். சிற்றோடைகளின் மேல் ஒற்றை மரத்தைக் கிடத்தி, பிடித்துக்கொள்ள ஒரு கொம்பையோ பிரம்பையோ கட்டினர். சிங்களத்தில் இதற்கு ‘ஏதண்ட’ என்று பெயர். மரத்தை அறிந்தவர்க்கு இஃது அரை நாள் வேலை. வெள்ளம் கொண்டுபோனால் மறுநாள் இன்னொரு மரம் விழும். அதனைப் பழுதுபார்க்க அரசாணையோ பணமோ வேண்டியிருந்ததில்லை, கடப்போரே கட்டினர்.

இந்த எளிய மரபிலிருந்து எழுந்த உயர்ந்த வேலைப்பாடு ஒன்று நுவரெலியாவுக்குக் கிழக்கே, ஊவா மாகாணத்திலே உள்ளது. பதுளைக்கு அண்மையில் ஹாலிஎலப் பகுதியிலுள்ள போகொடை மரப்பாலமே அது. கண்டிக்கும் பதுளைக்கும் இடையிலான பழைய நடைவழி, ஒரு விகாரையின் அடிவாரத்திலே ஓடையைக் கடக்கும் இடத்தில் இது அமைந்திருக்கிறது. நீளம் ஏறக்குறைய 50 அடி; அகலம் 6 அடி. பெருமரங்களைக் கிடத்தித் தளமிட்டு, இருபுறமும் கைப்பிடி வரிசையும் மரத் தூண்களும் நிறுத்தி, மேலே ஓட்டுக்கூரை வேய்ந்திருக்கிறார்கள். அதன் வயதைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. இலங்கையில் எஞ்சியுள்ள மரப்பாலங்களுள் மிகப் பழையது என்பது மட்டும் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது.

பாலத்துக்கு எதற்குக் கூரை? வழிப்போக்கன் நனையாதிருக்க என்று விடை சொல்லத் தோன்றும். அவன் அங்கே அம்பலத்திற்போல இளைப்பாறினான் என்பதும் உண்மையே. ஆனாற் கூரை காப்பது முதலில் மரத்தையே. நீரிலேயே மூழ்கிக் கிடக்கும் மரம் நெடுங்காலம் கெடாது. முற்றிலும் உலர்ந்த மரமும் கெடாது. நனைந்து காய்ந்து, காய்ந்து நனையும் மரமே பொருத்துகளில் உளுக்கிறது. தளப்பலகையின் அடியில் நீர் தேங்கும் இடம் எதுவோ, அங்கேதான் அழிவு தொடங்கும். சுவிற்சர்லாந்திலே லூசேர்ண் நகரத்து மரநடைபாலம் 14ஆம் நூற்றாண்டிலே கூரையுடன் கட்டப்பட்டு, 1993இல் தீயினால் பெரும்பகுதி அழியும்வரை நின்றது. மறு ஆண்டே அதனைப் புதுப்பித்துவிட்டனர். லூசேர்ணின் தச்சனும் ஊவாவின் தச்சனும் ஒருவரையொருவர் அறிந்திலர். மழையை அறிந்திருந்தனர்.

1815இற் கண்டி ஆங்கிலேயர் வசமானதும் அகழி தூர்க்கப்பட்டது. தேசாதிபதி சேர் எட்வேட் பான்ஸ் வெட்டுவித்த பெருந்தெரு கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறிற்று. நுவரெலியாவிலும் அவர் தமக்கு மாளிகை அமைத்துக்கொண்டார். படையும் பீரங்கியும் செல்வதற்கென வகுத்த தெருவிலே பின்னர் கோப்பி வண்டிகள் நிறைந்தன. அத்தெரு பேராதனையில் மகாவலியை எதிர்கொண்டது. அதுவரை ஓடத்துறையாக இருந்த அவ்விடத்தில், ஜோன் பிரேசர் என்னும் படைப் பொறியியலாளரின் திட்டப்படி 1833இல் ஒரு பாலம் நிறைவுற்றது. உலர் வலயக் காடுகளில் விளையும் முதிரை மரத்தாலாகிய ஒற்றை வளைவு; ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு 205 அடி. ஆற்றின் நடுவே ஒரு தூணும் இல்லை. இரும்பாணியும் திருகாணியுமின்றிப் பொருத்தப்பட்டது என்று அக்கால நூல்கள் வியந்துரைக்கின்றன.

அந்த வளைவுக்குக் காரணம் அழகு நாட்டம் அன்று. வெள்ளத்திலே வேரோடு வரும் மரங்கள் நடுத்தூணில் மோதி, அங்கே தடைப்பட்டு, நீரைத் தேக்கிப் பாலத்தையே புரட்டிவிடும். தூணே இல்லையெனில் மோதுவதற்கு ஒன்றும் இல்லை. இவ்வுண்மையை ஏதண்ட கட்டிய உழவனும் அறிந்திருந்தான். அவனுக்கு 205 அடி நீள மரம் கிடைக்கவில்லை, அவ்வளவே. முதிரைப் பாலம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்று, 1905இல் இரும்புப் பாலத்துக்கு இடங்கொடுத்தது.

ஆனால் அஃது வண்டிக்கான பாலம். அதன்மேல் நடந்தோர், வண்டிக்காகக் கட்டியதைப் பயன்படுத்திக்கொண்டவர்களே. தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் தோட்டத்தை அடைந்தபோது, அங்கும் நடையே காத்திருந்தது.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைச் சில ஆண்டுகளில் அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. புகைவண்டி 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டிற்று. 1924இற் பதுளை சேர்ந்தது. இப்பாதையின் பாலங்களைப் போற்றாதார் இல்லை. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகெங்கும் இருந்து மக்கள் வருகின்றனர். தோட்டங்களிலோ, செங்குத்தான சரிவுகளிலிருந்து கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்கு இறக்குவதற்கு இரும்புக் கம்பிகள் கட்டப்பட்டன. பள்ளத்தாக்கின் மேலாக மூட்டை கம்பியிலே பறந்து சென்றது. அதனைப் பறித்தவள் படங்கைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி, ஓடையிலே கல் தேடிக் கால் வைத்து, மீண்டும் ஏறினாள். கொழுந்து வாடினால் விலை குறையும் என்பதனால் அதற்கு வழி விரைவாக அமைந்தது.

தோட்டத்தினுள் நடைபாலம் வேண்டுமெனில், அது தோட்டத்துரையின் மனத்தைப் பொறுத்தது. தொழிற்சாலைக்கு ஆள் நேரத்துக்கு வரவேண்டும் என்று கருதிய இடங்களில், பழைய வடக்கம்பியும் பலகையும் கொண்டு தொங்குபாலங்கள் எழுந்தன. மற்ற இடங்களில் மரம் கிடந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்கள் நாடற்றவராயினர். வாக்கும் பறிபோன பின், பாலம் கேட்பதற்கு அவர்களுக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது. ஒவ்வொரு கைமாற்றத்தின் போதும் தொழிற்சாலைக்கும் தேயிலைச் செடிக்கும் கணக்கு எடுக்கப்பட்டது. ஓடையின் மேல் ஆடிக்கொண்டிருந்த பலகைக்கு அதே கவனம் கிடைக்கவில்லை.

குடியுரிமை மீண்டு, வாக்குரிமை வந்த பிறகும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், 33ஆம் பிரிவின் வாயிலாக, தோட்டக் குடியிருப்புகளிற் சபைகள் பணம் செலவிடுவதைக் கட்டுப்படுத்தியது. தோட்டம் தனியார் இடம் என்பது அதன் கருத்து. ஆகவே தோட்டத்து வாக்கினால் தெரிவான உறுப்பினரே, தம்மைத் தெரிந்தனுப்பியவர்களின் ஓடைக்கு ஒரு பலகை வாங்கித் தர இயலாத நிலையில் இருந்தார். 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. கண்டியரசன் வேண்டுமென்றே பாலம் இல்லாமல் விட்டான். சட்டமோ எந்த நோக்கமும் கூறாமலே அதே விளைவை முப்பது ஆண்டுகள் நிலைநிறுத்தியது.

இனி, அத்தகைய பாலம் ஒன்றை அமைப்பது எப்படி? சிறிய வேலைதானே என்று எண்ணுவோர் பலர். சிறிய பாலம் என்பதனாற் கணக்கும் சிறியதாகிவிடாது. 100 அடி அகலமுள்ள ஆற்றின் குறுக்கே இரு வடங்களைக் கட்டித் தளம் தொங்கவிடுவதாகக் கொள்ளலாம். வடம் நடுவிலே 10 அடி தாழ்ந்து தொங்கினால், கரையிலுள்ள நங்கூரங்களை இழுக்கும் கிடைவிசை, பாலம் தாங்கும் மொத்தப் பாரத்தின் ஒன்றேகால் மடங்கு. அதனையே இறுக்கிக் கட்டி 5 அடி மட்டும் தாழவிட்டால், அவ்விசை இரண்டரை மடங்காகிவிடும். மட்டமான பாலத்தில் நடப்பது இன்பம். அந்த இன்பத்துக்கு விலை கொடுப்பது கம்பி. ஆளுக்கு ஆள் கயிற்றை இன்னும் சற்று இறுக்கச் சொல்லும் ஊரார்க்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பாரம் எவ்வளவு? 3 அடி அகலமுள்ள தளத்திலே நாள்தோறும் ஐந்தாறு பேரே கடப்பர். ஆனால் மாரியம்மன் திருவிழா அன்றும், ஒரு சவ ஊர்வலத்தின் போதும், பாலம் முழுவதும் ஆள் நிற்கும். பொறியியலாளர் நடைபாலத்துக்குச் சதுர அடிக்கு 80 முதல் 100 இறாத்தல் வரை கணக்கிடுவது அந்த நாளை எண்ணியே. 100 அடிப் பாலத்துக்கு அது 10 தொன்னுக்கு மேலாகும். ஊர்வலத்திலே தப்பும் ஒலிக்கும். கால்கள் ஒரே தாளத்தில் விழும். 1831இல் மன்செஸ்ரருக்கு அண்மையில் புரோட்டன் தொங்குபாலம், படைவீரர் 74 பேர் அடியொத்து நடந்தபோது அறுந்தது. நல்வாய்ப்பாக ஒருவரும் இறக்கவில்லை. பாலத்தில் ஏறியதும் அடி கலைத்து நடக்கவேண்டும் என்ற படைவிதி அதன்பின் வேரூன்றியது. 1850இற் பிரான்சின் அஞ்சே நகரில் இதுபோன்ற விபத்தில் 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். இது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. இலண்டனில் தேம்ஸ் நதியின் மேல் 2000ஆம் ஆண்டு சூன் திங்களில் திறந்த மிலேனியம் நடைபாலம், மக்கள் கூட்டம் ஏறியதும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. மனிதன் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி எடுத்துவைக்கிறான். இடமும் வலமுமாக அவன் தள்ளும் தள்ளல் விநாடிக்கு ஒரு முறை. பாலத்தின் இயல்பான ஆட்டம் அதனோடு ஒத்துவிட்டால், நடப்போரும் தம்மை அறியாமலே அவ்வாட்டத்துக்கு இசைந்து அடிவைக்கின்றனர். அதிர்வு தணிக்கும் கருவிகளைப் பொருத்தி, 2002இலேதான் அப்பாலத்தை மீண்டும் திறந்தனர்.

கம்பியின் உள்ளே நிகழ்வது இதனினும் கொடிது. குசராத்து மாநிலத்தின் மோர்பி நகரில், 19ஆம் நூற்றாண்டுத் தொங்குபாலம் ஒன்று பழுதுபார்த்துத் திறந்த சில நாட்களிலே, 2022 ஒக்ரோபர் 30 அன்று அறுந்து வீழ்ந்தது. 130க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அறுந்த வடத்தின் கம்பிகளில் ஏறக்குறையப் பாதி முன்னரே துருப்பிடித்திருந்தது என்று ஆய்வுக் குழு கண்டது. தளம் புதிது, வடம் பழையது. நடப்போன் காண்பது தளத்தை மட்டுமே.

இமயத்து நேபாளம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 1964இல் அந்நாட்டு அரசு தொங்குபாலங்களுக்கெனத் தனிப் பிரிவொன்றை நிறுவிற்று. பின்னர் சுவிற்சர்லாந்தின் உதவியும் சேர்ந்தது. இன்று 10,000க்கு மேற்பட்ட நடைபாலங்கள் அங்கே உள்ளன. பாலத்தின் அகலம், வடத்தின் பருமன், நங்கூரத்தின் ஆழம் யாவும் ஒரே முறைக்கு உட்பட்டவை. பொருளை மக்களே தோளிற் சுமந்து செல்கின்றனர். கட்டியபின் அதனைப் பேணும் பொறுப்பு அப்பாலத்தைக் கடக்கும் ஊரவரின் குழுவுக்கு உரியது. திருகாணியை இறுக்குவதற்கு ஒருவர் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். பாலம் யாருடையது என்னும் வினாவை அவர்கள் முதலிலே தீர்த்துக்கொண்டார்கள்.

மலைநாட்டிலும் அவ்வினா புதிய வடிவில் எழுந்துள்ளது. கண்டிக்கு மேலுள்ள ஹந்தானையில் தொடங்கி, அட்டன், ஓட்டன் சமவெளி, அப்புத்தளை, எல்ல ஆகிய இடங்களைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பெக்கோ பாதை 2023இல் முழுமை பெற்றது. நீளம் 300 கிலோமீற்றருக்கு மேல், பகுதிகள் 22. பெரும்பாலும் அது புதிய பாதை அன்று. கொழுந்தும் ஆளும் சென்ற பழைய தோட்ட வழிகளின் தொடர்ச்சியே. நடைப்பயணிகளும் சைக்கிளில் வருவோரும் அதிற் செல்கின்றனர். அதே வழியில் தோட்டத்து மக்களும் நாள்தோறும் செல்கின்றனர். அதே 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைவை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மூதாதையர் வழியே மற்றொரு நடைபயணமும் நிகழ்ந்தது. ஒரே ஆண்டிலே இரு நடைகள்! ஒன்றைப் பற்றி வெளிநாட்டு ஏடுகள் நிறைய எழுதின.

இருவர் பகிரும் வழியிலே அமைக்கும் பாலம் இருவருக்கும் பொருந்தவேண்டும். நேபாளத்தில் வழங்கும் 70 சென்ரிமீற்றர் அகலம் ஒருவர் பின் ஒருவர் செல்லப் போதும். தலையிற் சுமையுடன் வருபவளும் எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவரும் விலகிச் செல்ல, அங்கே வழங்கும் மற்றோர் அளவாகிய 106 சென்ரிமீற்றராவது வேண்டும். கரையில் படிக்கட்டு அமைத்தல் மலிவு. ஆயினும் சைக்கிளுக்குச் சாய்தளம் தேவை. நோயாளியைப் போர்வையிற் கட்டித் தூக்கிவரும் இரவிலும் அதே சாய்தளமே தேவை. இவ்விடத்திலே பயணியின் விருப்பமும் ஊராரின் இன்றியமையாமையும் ஒன்றாகின்றன. கைப்பிடியோ அவ்வாறன்று. வளர்ந்தவனின் இடுப்பளவில் ஒரு கம்பி மட்டும் ஓடினால், பள்ளிப் பிள்ளைக்கு அதன் கீழே இருப்பது வெறும் வெளி. வலை இட்டே தீரவேண்டும். பனிமூட்டத்திலே பலகையிற் பாசி படரும். துளையிட்ட இரும்புத் தளம் வழுக்காது. வெறுங்காலுக்கு அது நோகும், நாயும் ஆடும் கீழே நீரைக் கண்டு ஏற மறுக்கும். எதனைத் தெரிவதெனக் கடப்போரைக் கேட்டே முடிவு செய்தல் தகும்.

இறுதியாக நிற்பது உயரம். பயணி, மழை மிகுந்தால் ஒரு நாள் விடுதியிலே தங்கிவிடலாம். காலைப் பெரட்டுக்குச் செல்பவளுக்கு அந்த நாள் சம்பளமின்றிக் கழியும். நேபாளத்திலே மலைப்பாங்கான இடங்களில், மிக உயர்ந்த வெள்ளத் தடத்துக்கு மேல் 5 மீற்றர் விடுவது வழக்கம். அத்தடம் எங்கே இருந்தது என்பதை, அளவுக்கருவி இல்லாத ஓடைகளில், லயத்தின் முதியோரே பாறையைக் காட்டிச் சொல்வர். பொறியியலாளர் அதனைக் குறித்துக்கொள்வர். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி அந்நினைவையும் பழையதாக்கிவிட்டது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் இடிந்து ஓடைகளில் இறங்கின. தெருக்களும் பாலங்களும் அறுந்தன. நங்கூரத்தை மண்ணிலே புதைத்த பாலத்துக்கு, மண்ணே பெயர்ந்தபின் பிடிப்பு ஏது? கன்னாரப் பாறையைத் துளைத்து இறக்கிய நங்கூரமே அங்கே நிற்கும். பாறை வெளித்தெரியாத கரையாயின், பாலத்தின் இடத்தையே மேலேயோ கீழேயோ நகர்த்தவேண்டியிருக்கும். வழியும் அதனோடு நூறு கஜம் சுற்றிச் செல்லும். வெள்ளம் வடிந்தபின் பல ஓடைகளின் கரைகளிலே, பழைய தடத்துக்கு மேலாகப் புதிய சேற்றுக்கோடு தெரிந்தது. இனிக் கட்டும் பாலத்துக்கு உயரம் அளப்பது அந்தக் கோட்டிலிருந்துதான்.